புளி போட்டு விளக்கிய துவக்கு

கோட்-டெ-நெய்ஜ்,
மொன்றியல்.
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய பாலாம்பிகை மச்சாளுக்கு நிரோஜா வணக்கம் சொல்லி எழுதுவது:

இங்கே நான் நடமாடுகிறேன், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போய் வருகிறேன். இதைச் சுகம் என்று சொல்வதானால் சுகம்தான். அங்கே பிராம்டனில் உங்கள் முழங்கால் நோவும் ஞானேந்திரன் அண்ணையின் சீனி வருத்தமும் அடங்கி, நீங்கள் இருவரும் ஆறுதலாக இருக்க நல்லூரான் துணை நிற்கட்டும். சரஸ்வதி பூசைக்கு வந்தபோது நீங்கள் கொண்டுவந்த பயற்றம் பணியாரத்தில் இரண்டு மிச்சம் இருக்கின்றன. பல்லுக்குப் பயந்து வைத்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் உங்களோடு ஒரு வசனத்தை நான் முழுதாகச் சொல்லி முடித்ததாக, கலியாணமாகி இந்தப் பதினெட்டு வருடத்தில் எனக்கு நினைவில்லை. நான் எழுவாயைச் சொல்ல, பயனிலையை நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அது பெரும்பாலும் நான் நினைத்திருந்த பயனிலையாக இருப்பதில்லை. வட்ஸ்அப்பில் எழுதினால் அண்ணை முதலில் வாசித்து, உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் சுருக்கம் சொல்வார். அவருடைய சுருக்கத்தில் நான் எப்போதும் கோபக்காரியாகவே வருவேன். கடிதமென்றால் நீங்களே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் இருந்து கடைசிவரை வாசித்தாக வேண்டும், இடையில் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த ஒரு சந்தோசத்துக்காகத்தான் நான் கடதாசி வாங்கினேன்.

சொல்ல வந்தது துவக்கைப் பற்றி. பயப்பட வேண்டாம். தொலைபேசியில் நீங்கள் குரலைத் தாழ்த்தி "அந்தச் சாமான்" என்று சொல்வதும், பொலிஸ் ஒட்டுக்கேட்கும் என்று அண்ணை பக்கத்தில் இருந்து "வாழைக்காய் எண்டு சொல்லு" என்பதும் எனக்கு நன்றாகக் கேட்கும். இது ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் செய்தது. அதற்குள் போட்டுச் சுடுகிற ரவையை இப்போது எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இந்த நாட்டுச் சட்டத்தில் அது பழம்பொருள், அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஊரில் துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனத்துக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம் என்று எனக்கும் தெரியும். வாங்கியது நான் இல்லையே. உங்கள் தம்பி.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் நின்ற நாலு நாளும் அதைச் சொல்ல முயன்று முடியவில்லை. இந்த அப்பார்ட்மென்டை வீட்டுக்காரர் தன் மகனுக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டார். யூலை பிறக்குமுன் நான் எழும்ப வேண்டும். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு விலைக்கு இருக்கிறது. ஒரு அறை, ஒரு குசினி, ஒரு ஆள் நின்று தேத்தண்ணி குடிக்கக்கூடிய பல்கனி. விற்கிற அம்மா மார்கழி வரை பொறுப்பதாகச் சொன்னார். முற்பணம் பதினாலாயிரம் டொலர். என் கையில் இருப்பது மூவாயிரம். மிச்சம் பதினோராயிரம் இந்தத் துவக்கில் இருந்து வரவேண்டியது. வராவிட்டால் எனக்கு இருக்கும் ஒரே வழி, நீங்கள் ஆயத்தப்படுத்தி வைத்திருக்கும் உங்கள் வீட்டு பேஸ்மென்ட் அறைதான். ஃபர்னஸுக்குப் பக்கத்தில், பூப்போட்ட திரைச்சீலையோடு, உள்ளே ஏற்கெனவே உங்கள் தம்பி ராசன் இருக்கிறார். கல்கரியில் எட்டு மாதம் இன்னொருத்தியோடு இருந்து, அவளும் கைவிட்ட பிறகு திருந்தி வந்து இருக்கிறார். அவர் திருந்தினார் என்பதற்கு நீங்கள் சொன்ன சாட்சி, இப்போது வெள்ளிக்கிழமையில் மச்சம் சாப்பிடுவதில்லை என்பது.

துவக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும், ஆனால் ராசன் சொன்ன மாதிரியே தெரியும். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டின காலத்தில் அவருக்கு ஏல விற்பனையில் பைத்தியம் பிடித்தது. ஒரு கிராமத்துத் தேவாலய மண்டபத்தில், தூண்டில் தடி ஒரு கட்டு, பனிச் சப்பாத்து ஒரு சோடி, கண்ணாடி உடைந்த விளக்கு, இவற்றோடு சேர்த்து ஒரு துவக்கும் இருந்த குவியலை அவர் கையைத் தூக்கி வாங்கிவிட்டார். தூண்டிலுக்காகத்தான் வாங்கினார். ஒரு மீனும் பிடித்ததில்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாமான் போட எங்களுக்குத் தந்த லொக்கரில் எல்லாம் கிடந்தன. வீட்டை விட்டுப் போகும்போது அவர் என்னென்ன எடுத்துப் போனார் தெரியுமா? ரைஸ் குக்கர், பெரிய தோசைக்கல்லு, என் தமையன் தந்த சூட்கேஸ், டிவியின் ரிமோட். டிவியை விட்டுவிட்டார். பிரிவு விசயமாக நாங்கள் போன மத்தியஸ்தர் அம்மா, "லொக்கரில் உள்ளவை?" என்று கேட்டபோது, "அது குப்பை, அவளே வைச்சிருக்கட்டும்" என்று பெரிய மனதாகச் சொன்னார். ஆனால் அது கடதாசியில் ஏறவில்லை. அங்கேதான் ஞானேந்திரன் அண்ணை உள்ளே வந்தார்.

லொக்கரைத் துப்புரவாக்கும்போது அதைப் படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பியது என் பிழை. அண்ணை யாழ்ப்பாணத்தில் வங்கியில் அடைவு நகை மதிப்பிட்டவர், ஆகையால் உலகத்தில் உள்ள எதையும் மதிப்பிடத் தனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறவர். முதலில் "எத்தனை கிலோ?" என்று கேட்டார். சொன்னேன். பழம் பித்தளை விலையால் பெருக்கி "நாப்பது டொலர், மரத்தைக் கழிச்சால் முப்பத்தாறு" என்றார். மறுநாள் யூடியூப் பார்த்துவிட்டு "பிள்ளை, இது தொண்ணூற்றி நாலாம் மாதிரி. இந்த நாட்டில மான் அடிக்கிற எல்லார் வீட்டிலயும் ஒண்டு கிடக்கும், எண்ணூறுக்கு மேல ஒருத்தனும் தரான்" என்றார். அதற்கு அடுத்த நாள் காலை, நான் புவாண்ட்-கிளேரில் வேலைக்கு இறங்கும் பஸ்ஸில் நிற்கும்போது கூப்பிட்டு, "நிரோஜா, இது ஹென்றித் துவக்கு! இரண்டரை லட்சம்!" என்று கத்தினார். பக்கத்தில் இருந்த மனிதர், எனக்கு யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துத் தன் இடத்தைத் தந்தார்.

இதற்குப் பிறகுதான் நானே படிக்கத் தொடங்கினேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எதைத் தேய்த்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கிறது அல்லவா, நாலு விரலை உள்ளே விட்டு முன்னுக்குத் தள்ளிப் பின்னுக்கு இழுத்தால் அடுத்த ரவை ஏறும், அதுதான் லீவர். லீவர் துவக்குகள் எல்லாம் தொடக்கத்தில் எனக்கு ஒரே மாதிரித் தெரிந்தன, வெள்ளைக்காரருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தெரிவதுபோல. பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. வலப்பக்கத்தில் ரவை செருகும் சின்னக் கதவு இல்லையென்றால் அது ஹென்றி. கதவு இருந்து, உடம்பு பித்தளையாக இருந்தால் வின்செஸ்டர் 1866. உடம்பு இரும்பாகி, மேலே சறுக்கும் மூடி ஒன்று வந்தால் 1873. அண்ணை சொன்ன தொண்ணூற்றி நாலு அதற்கும் பேத்தி முறை. நம்முடையதில் கதவு இருந்தது, பித்தளை இருந்தது. குழல் உருண்டை, கட்டை. இடப்பக்கத்தில் குதிரைச் சேணத்தில் கொளுவ ஒரு வளையம். ஆகவே குதிரைக்காரரின் கட்டைத் துவக்கு. அந்த அறுபத்தாறுக்குள்ளேயே நாலு விதம் இருக்கின்றன, மச்சாள். இலக்கம் மரப்பிடிக்குள் ஒளிந்திருந்தால் அது முந்தியது. விசைக்குப் பின்னால் அச்செழுத்துப்போல நேராக நின்றால் மூன்றாம் விதம். கையெழுத்துப்போலச் சரிந்து வளைந்தால் நாலாம் விதம். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் குனிந்திருந்து பார்த்தேன். நேராக நின்றது. என் வாழ்க்கையில் நேராக நின்ற ஒன்றைக் கண்டு எவ்வளவோ காலம் என்று அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

அண்ணைக்கு அதை மரியாதையாக விளங்கப்படுத்தினேன். "கதவு இருக்கண்ணை, அப்ப அது ஹென்றி இல்லை" என்றேன். "கதவு பேந்து ஆரும் போட்டிருப்பாங்கள்" என்றார். ஜன்னலுக்குக் கம்பி போடுகிற மாதிரி. அது கிடக்கட்டும். ஆனால் இரண்டரை லட்சம் என்ற செய்தி அன்று காலையே படியிறங்கி பேஸ்மென்டுக்குப் போய்விட்டது. சாயங்காலம் ராசனிடம் இருந்து எனக்கு இரண்டு வரி வந்தது: "துவக்கு என்ர. சட்டப்படி பாதி உனக்கு." குப்பையாக இருந்தபோது முழுக்க என்னுடையது. விலை வந்ததும் பாதி என்னுடையது. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று தெரியவில்லை. நீங்கள்தானே அவரைப் படிப்பித்தீர்கள்.

சரி, பாதியென்றாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். புவாண்ட்-கிளேரில் பழைய துவக்குகளை மதிப்பிட்டு விற்றுக்கொடுக்கும் முசியோ கார்னோ என்ற மனிதருக்குப் படங்கள் அனுப்பினேன். அவர் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு, நேரில் பார்த்தால்தான் நிச்சயம், ஆனால் இருபத்திரண்டாயிரம் வரை போகும் என்று எழுதினார். பாதி பதினொன்று. என் மூன்றோடு பதினாலு. மச்சாள், ஒரு கணக்கு அப்படிச் சரியாக வந்து நின்றால் மனிசருக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் அந்த வீட்டுப் பல்கனிக்குக் கதிரை பார்க்கத் தொடங்கினேன். கார்னோ கடைசி வரியில் ஒன்று எழுதியிருந்தார்: "தயவுசெய்து துடைக்க வேண்டாம். தூசியைக்கூடத் தட்ட வேண்டாம். அப்படியே கொண்டு வாருங்கள்."

பூசைக்கு நீங்கள் வந்து இறங்கின அன்றே இதைச் சொன்னேன். பழைய சேலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்த துவக்கைக் காட்டி, "மச்சாள், இதை மட்டும் தொடாதேங்கோ, அப்பிடியே கிடக்கட்டும்" என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். "ஓம் ஓம்" என்றீர்கள். இப்போது யோசித்தால், அந்த இடத்தில்தான் எல்லாம் நாசமாய்ப் போனது என்று விளங்குகிறது. எங்கள் ஆட்களில் வீட்டுக்காரி விருந்தாளியைப் பார்த்து "நீங்கள் இருங்கோ, தொடாதேங்கோ, நான் செய்யிறன்" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? எழும்பிச் செய் என்றுதானே பொருள்! சட்டி கழுவ வேண்டாம் என்று சொன்ன வீட்டில் சட்டி கழுவாமல் வந்தவளைப் பற்றி நாங்கள் மூன்று தலைமுறைக்குக் கதைப்போம். நானும் அப்படி எத்தனை வீட்டில் "விடுங்கோ, தொடாதேங்கோ" என்ற சொல்லைக் கேட்டுச் சட்டி கழுவியிருக்கிறேன், உங்கள் வீட்டில் உட்பட. இங்கிலிஷில் சொல்லியிருக்க வேண்டும். அல்லது ஒரு தட்டியில் எழுதிப் பொலிஸ்காரரைக் காவலுக்கு வைத்திருக்க வேண்டும். தமிழில் ஒருவரை ஒன்றைத் தொடாமல் தடுக்க எங்களிடம் சொல்லே இல்லை, மச்சாள்.

பூசையன்று நான் வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், சாம்பிராணிப் புகை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் கும்பம், அவல், கடலை, என் பட்டச் சான்றிதழ், உங்கள் வெற்றிலைத் தட்டம். அதற்கெல்லாம் நடுவில், தாம்பாளத்தில், தங்கத்தில் வார்த்த மாதிரி ஒரு சாமான் கண்ணைப் பறிக்கிறது. அது என்னவென்று எனக்கு ஒரு கணம் விளங்கவேயில்லை. குழலுக்குள் ஒரு செவ்வந்திப் பூ. ரவை செருகும் கதவில் சந்தனம், அதன் மேல் குங்குமப் பொட்டு.

"மச்சாள், என்ன இது?"

"பாத்தியே பிள்ளை, எப்பிடி மினுங்குது! நூறு வருசமா ஆரும் கை வைக்கேல்லைப் போல. கறுத்துப்போய், பாக்கச் சகிக்கேல்லை. பழப்புளியை ஊற வைச்சு, உப்புப் போட்டு, கம்பித் தும்பால ஊண்டித் தேய்ச்சன். கை விட்டுப் போச்சு. மரத்துக்கு நல்லெண்ணெய் பூசினன். எவ்வளவு பூசினாலும் குடிக்குது."

"நான் தொடாதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்!"

"நீ சொல்லுவாய்தானே. நான் என்ன விருந்தாளியே, சும்மா குந்தியிருக்க? உன்ர வேலைக் களைப்பு எனக்குத் தெரியாதே?"

"இதை ஏன் மச்சாள் பூசையில வைச்சனியள்?"

"இதென்ன கேள்வி? ஆயுத பூசைக்கு வீட்டில ஆயுதம் இருக்கேக்க, கத்திரிக்கோலையும் தோசைக் கரண்டியையும் வைச்சுக் கும்பிடுறதே? தோசைக்கல்லும் இல்லை உன்னட்டை. வா, கை காலைக் கழுவிப்போட்டு ஒரு பாட்டுப் படி."

நான் படித்தேன். வேறு என்ன செய்வது? மூன்றாம் வரியில் எனக்குக் கண்ணீர் வந்தது, அடக்க முடியவில்லை. நீங்கள் அண்ணைக்குத் தொலைபேசியை எடுத்து, "நிரோஜாவுக்கு இப்பதான் உண்மையான பக்தி வந்திருக்கு, சாமி படத்தைப் பாத்து அழுகிறாள்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த கிழமை கார்னோவிடம் கொண்டுபோனேன். ஒரு பழைய கீபோர்ட் உறைக்குள், அதே சேலையில் சுற்றி. அந்த மனிதர் வெள்ளைக் கையுறையைப் போட்டு, பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். சேலையைப் பிரித்தார். அதன் பிறகு அவர் ஒரு சொல் சொன்னார். கியூபெக்காரர் கோபத்திலும் துக்கத்திலும் சொல்வது, கோயில் சம்பந்தப்பட்ட சொல்தான், ஆனால் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், "ஒரு தேவாலய மணம் வருகிறதே?" என்றார். சந்தனமும் கற்பூரமும் என்றேன். கதவின் இடுக்கில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, "இது துருவா?" என்று கேட்டார். குங்குமம் என்றேன். எதனால் தேய்த்தீர்கள் என்று கேட்டார். புளி என்று பிரெஞ்சில் சொன்னேன். "சாப்பிடுகிற புளியா?" ஓம். "எதற்காக?" சரஸ்வதி பூசைக்கு. "அது யார்?" படிப்புக்குத் தெய்வம். அவர் துவக்கையும் பார்த்து என்னையும் பார்த்து, கையுறையைக் கழற்றினார். நான் பல்கலைக்கழகத்தில் படித்தவள், மச்சாள். படிப்புத் தெய்வத்துக்குத் துவக்கு எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வாங்குகிறவன் பித்தளையை வாங்க வருவதில்லையாம். அதன் மேல் படிந்திருந்த கடுகு நிறம், கை பட்ட இடத்தில் வெளிறி, கை படாத மூலையில் கறுத்து, நூற்றைம்பது வருடம் யார் யார் எப்படிப் பிடித்தார்கள் என்று காட்டுகிற அந்தக் களிம்பைத்தான் வாங்குகிறானாம். இப்போது கம்பித் தும்பின் கீறல் எல்லாப் பக்கமும் ஓடுகிறது. விளிம்புகள் மழுங்கிவிட்டன. இலக்கம் கொஞ்சம் ஆழம் குறைந்துவிட்டது. மரம் எண்ணெய் குடித்துக் கறுத்துவிட்டது. திரும்ப வரவைக்க முடியாதா என்று கேட்டேன். "வரும், மேடம். நூற்றைம்பது வருடம் பொறுத்தால்." விலை? பதினொன்று, அதுவும் ஆள் கிடைத்தால். பாதிக்குப் பாதி.

உங்களுக்கு நினைவிருக்கும், சைவசமய வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்தார்கள், செம்பில் களிம்புபோல உயிரில் ஆணவம் ஒட்டியிருக்கிறது, அதைத் தேய்த்து நீக்க வேண்டும் என்று. நானும் அதை எழுதிப் புள்ளி வாங்கினேன். களிம்புக்குத்தான் விலை, செம்புக்கு இல்லை என்று சொல்லித்தர அந்த வகுப்பில் ஒருவரும் இருக்கவில்லை. எங்கள் வீடுகளில் ஒரு மருமகளின் தரத்தைக் குத்துவிளக்கில் பார்ப்பார்கள். முதல் முறை நான் உங்கள் அம்மா வீட்டுக்கு வந்தபோது, நீங்கள் என் கையைப் பிடித்துப் பார்த்தது காப்பைப் பார்க்க இல்லை, நகக்கண்ணில் புளிக் கறை இருக்கிறதா என்று பார்க்க. மினுங்காததெல்லாம் எங்களுக்கு வெட்கம். அதுதான் எனக்கு உங்களில் முழுக்கக் கோபப்படவும் முடியாமல் இருக்கிறது. அது வேறு எரிச்சல். ஒருவர் கெட்ட எண்ணத்தோடு செய்தால் மனம்விட்டுத் திட்டலாம். நீங்கள் என் களைப்பைப் பார்த்து இரங்கி, முழங்கால் நோவோடு குந்தியிருந்து, என் வீட்டைத் தேய்த்து இல்லாமல் ஆக்கியிருக்கிறீர்கள்.

போகிற அன்று காலையில் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு சொன்னீர்கள்: "ஆம்பிளையள் அப்பிடித்தான் பிள்ளை. அவனும் கொஞ்சம் கறுத்துப்போய்த்தான் கிடக்கிறான். நீதான் பாத்து மினுக்கி எடுக்கோணும்." அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன், இடையில் மறிக்க உங்களால் முடியாது. பதினெட்டு வருடம் தேய்த்தேன். ராசனில் படிந்திருப்பது களிம்பு இல்லை. உள்ளே வரைக்கும் அவர் அதுதான். நீங்கள் வந்தது பூசைக்கு மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். என்னையும் கொஞ்சம் விளக்கி, பொட்டு வைத்து, தாம்பாளத்தில் தூக்கிக்கொண்டு பிராம்டனுக்குப் போகத்தான் வந்தீர்கள். நாற்பத்தாறு வயதில் என் மேலே என்னென்னவோ படிந்துதான் இருக்கிறது. பார்க்க வடிவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதை ஒருவரும் தேய்க்க வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த கிழமை மத்தியஸ்தரிடம் மறுபடியும் போகிறோம். நடந்ததை நடந்தபடி நீங்களே ராசனுக்குச் சொல்லுங்கள். பாதியாகிவிட்ட துவக்கிலும் அவர் பாதி கேட்டால் என் கைக்கு வருவது ஐந்தரை. வீடு போய்விடும். அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும், ரிமோட்டைக் கொண்டுபோனவர். என்றாலும் சொல்லுங்கள். வீடு போனாலும் நான் பிராம்டனுக்கு வரமாட்டேன். யாருடைய வீட்டிலாவது ஒரு அறை எடுத்துக்கொண்டு இந்த ஊரிலேயே இருப்பேன். பேஸ்மென்டுக்கு வாங்கின பூப்போட்ட திரைச்சீலைக்கு ரசீது இருந்தால், கடையில் திருப்பிக் கொடுத்து வேறு ஏதும் வாங்குங்கோ.

அண்ணைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லவும், மதிப்பிடுவதை நிறுத்தச் சொல்லவும். உங்கள் வீட்டு விளக்குகள் அணையாமல் எரியட்டும், அவற்றை நீங்கள் ஆசைதீர விளக்கலாம். எல்லாம் வல்லவள் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் பொறுமை தரட்டும், எனக்கு ஒரு கரண்டி கூட.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உங்கள் தம்பி மனைவியாக இருக்கும்
நிரோஜா

பி.கு.: மச்சாள், உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். முத்திரை வாங்க மறந்து கடிதம் என் கைப்பைக்குள்ளேயே கிடந்துவிட்டது. அதற்குள் மத்தியஸ்தரின் கூட்டம் முடிந்துவிட்டது. ராசன் உங்கள் வீட்டில் இருந்து கணினித் திரையில் வந்தார். நீங்கள் பெருமையாக அனுப்பின பூசைப் படத்தை அண்ணை பார்த்து, மினுக்கினது பழுது என்று அவருக்கு முன்பே சொல்லிவிட்டார் போலும். துவக்கைப் பங்கிடுவதானால் எழுத்தில் ஒரு மதிப்பீடு வேண்டும், அதற்கு ஐந்நூறு டொலர் ஆகும், ஆளுக்குப் பாதி கட்டவேண்டும் என்று மத்தியஸ்தர் அம்மா சொன்னார். "மினுக்கிப் பழுதாக்கின பித்தளைக்கு நான் இருநூற்றைம்பது கட்டுறதோ?" என்று ராசன் பாய்ந்தார். பின்னால் அண்ணையின் குரல் கேட்டது: "விடு ராசன், அது இனிக் குத்துவிளக்கு. நான் பாத்திட்டன். நாப்பது டொலர்." கார்னோ சொன்ன விலையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். "மற்றது, விலை..." என்று தொடங்க, "எனக்கு எல்லாம் தெரியும், நீயே வைச்சுக்கொள், முழுக்க வைச்சுக்கொள்" என்று மறித்துவிட்டார். உங்கள் தம்பி அல்லவா, வசனத்தை முடிக்க விடவில்லை. அந்த அம்மா இரண்டு முறை கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டார். போன வெள்ளிக்கிழமை லாவலில் இருந்து வந்த ஒருவர், சுவரில் கொளுவ மினுங்குகிற துவக்குத்தான் வேண்டும் என்று பதினோராயிரம் கொடுத்துக் கொண்டுபோனார். இன்று முற்பணத்தைக் கட்டிவிட்டேன்.

தேய்க்காமல் இருந்திருந்தால் ராசன் விட்டிருக்கமாட்டார். உங்கள் புளி தின்றது துவக்கில் பாதியை. அது உங்கள் தம்பியின் பாதி. ஆகவே மேலே உங்களைப் பற்றி எழுதியதெல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். அண்ணையையும் ராசனையும் பற்றி எழுதியது அப்படியே நிற்கட்டும். விலை என்னவென்று அவர்கள் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கோ, கையெழுத்துக் காய்ந்துவிட்டது. இதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். காலையில் இருந்து எழுதிப் பார்க்கிறேன், கை ஓடுதில்லை. சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கோ.